நல்ல பளிங்கு

லத்தான்ஸியோ வந்து சேர்ந்தபோது காளவாய்க்குத் தீ வைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஒர்சோலா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கட்டுச் சுள்ளியை அடுப்பு வாய்க்குள் தள்ளிவிட்டு அடுத்த கட்டை எடுத்தாள்.

அவர் தனியாக வரவில்லை. இரண்டு காளை பூட்டிய வண்டி, அதில் இடுப்பளவு வைக்கோல், கூடவே நான்கு ஆட்கள். காளவாய் இருந்த மாட்டுத் திடலிலிருந்து கர்தினாலின் புது மாளிகை வரைக்கும் வழியில் இருந்த பள்ளங்களையெல்லாம் முந்தின நாளே மண் போட்டு நிரப்பச் சொல்லியிருந்தார். வண்டியில் வரும் சிலை குலுங்கக் கூடாது.

கர்தினாலுக்குப் பழைய பொருட்கள் தேடிக் கொடுப்பவர் அவர். மெல்லிய குரல். கூலிக்காரர்களைக்கூட அதட்டிப் பழக்கமில்லை. பத்து நாளைக்கு முன்னால் நார்தோவை அடக்கம் செய்தபோது, தன் கையாலேயே இரண்டு மெழுகுத்திரி கொண்டுவந்து கொடுத்து, கடைசிப் பிடி மண் விழும்வரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

நார்தோ ஒர்சோலாவின் புருஷன். இடிபாடுகளுக்கு அடியில் குழி தோண்டிப் பளிங்கு எடுப்பது அவன் வேலை. அதை நீற்றிச் சுண்ணாம்பாக்குவது அவள் வேலை. தூண், படிக்கட்டு, எழுத்து வெட்டிய பலகை என்று எது கிடைத்தாலும் நேரே காளவாய்க்குத்தான். சிலை கிடைத்தால் மட்டும் லத்தான்ஸியோவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அப்படிக் கிடைத்தவள்தான் இந்தப் பளிங்குப் பெண். ஆளுயரத்துக்கும் கொஞ்சம் மேலே. மாளிகை முற்றத்தில் அவளுக்கென்று சுவரில் ஒரு மாடம்கூடக் கட்டி முடித்துவிட்டார்கள். பத்து நாளாக ஈரச் சாக்குப் போர்த்திக்கொண்டு காளவாய் ஓரத்தில் படுத்திருந்தாள். நார்தோவின் தம்பி மேயோ காவல்.

இப்போது சாக்கு மட்டும் கிடந்தது. சுற்றிலும் வெள்ளைச் சில்லுகள்.

லத்தான்ஸியோ சாக்கைப் பார்த்தார். பிறகு மேயோவைப் பார்த்தார்.

மேயோ கையைப் பிசைந்தான். விடியற்காலைப் பூசைக்குப் போய்த் திரும்பினால், அண்ணி சம்மட்டியும் கையுமாக நிற்கிறாள் என்றான். அதற்குள் இரண்டு துண்டு. சிறையில் போடுவார்கள், காளவாயைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தானாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலைப் பக்கத்தை மேலே ஏற்ற ஒரு கை கொடு என்றாளாம். ஏன் கொடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

லத்தான்ஸியோ ஏணியில் ஏறிக் காளவாயின் மேல்வாயை எட்டிப் பார்த்தார். அடுக்கின் உச்சியில், புகைக்கு நடுவே, முகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. மூக்கு, உதடு, நெற்றியில் சுருண்ட முடி, எல்லாம் முழுசாக.

தீயை அணைக்கச் சொன்னார். ஆட்கள் வாளிகளோடு ஓடினார்கள். சூடேறிய பளிங்கில் தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறிவிடும் என்று மேயோ முணுமுணுத்தான். அடுப்பிலிருந்து தீயை வெளியே இழுத்துப் போட்டாலும், உள்ளே ஏறிய சூடு இறங்குவதற்குள் முகம் விரிசல் விட்டுவிடும். நிறைந்த வாளிகளைப் பிடித்தபடி நால்வரும் அப்படியே நின்றார்கள்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே? இது என்னன்னு தெரியுமா உனக்கு?"

ஒர்சோலா முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"நல்ல பளிங்குங்க ஐயா. உங்க மாளிகைக்குச் சுண்ணாம்பு வெள்ளை வெளேர்னு வரும்."

கேலியாகச் சொன்னதுபோல இல்லை. மாளிகையில் சுண்ணாம்பு தீர்ந்து, கொத்தனார்கள் கூரை வளைவைப் பாதியில் விட்டுவிட்டுச் சாரத்தில் உட்கார்ந்திருந்தது உண்மைதான்.

லத்தான்ஸியோ ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆயிரத்து முந்நூறு வருஷம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தாளே என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் அழுதார். முகத்தை மூடிக்கொள்ளாமல், தாடி நனைய அழுதார். ஆட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மதியத்துக்குள் காவலர்கள் வந்துவிடுவார்கள். அது எல்லாருக்கும் தெரியும். ஒர்சோலா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் அழுவதை நின்று பார்த்தாள்.

அன்று குழி சரிந்தபோது உச்சி மணி அடித்துக்கொண்டிருந்தது. நார்தோ அப்போதுதான் சிலையின் தோளுக்கு அடியில் கயிறு கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் மேலும் சிலை மேலும் ஒரே மண். ஓடி வந்தவர்கள் மண்வெட்டியை ஓங்கியதும், லத்தான்ஸியோ குழி விளிம்பில் மண்டியிட்டுக் கெஞ்சினார்.

"மண்வெட்டி வேண்டாம்ப்பா. கையால அள்ளுங்க. முகத்துல கீறல் விழுந்துடக் கூடாது."

கையால்தான் அள்ளினார்கள். ஒர்சோலாவும் அள்ளினாள்.

மாலை மணி அடிக்கும்வரை நார்தோவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.