மேலும் படிக்க

அவள் கட்டைவிரலைப் போன் திரைக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தாள்.

தொட வேண்டியது இரண்டே சொல். மேலும் படிக்க.

நாலு மாதமாக அது அங்கேயேதான் கிடக்கிறது. அண்ணன் பூபதி போட்ட பதிவில், மூன்றாவது வரிக்குக் கீழே, சாம்பல் நிறத்தில். பூபதி தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர்.

அந்த மூன்று வரியிலேயே அவளுக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

“எல்லாத்தையும் ஓசியில குடுத்துப் பழக்கியாச்சு. இப்ப பொம்பளைங்களுக்கு ஓசி பஸ். இதுல நாசமாப் போனது யாரு தெரியுமா?”

அந்த ஓசி பஸ்ஸில்தான் அவள் தினமும் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். மிச்சமான டிக்கெட் காசைச் சேர்த்துத்தான் மகளுக்குத் தோடு எடுத்தாள்.

ஓசியாமே, ஓசி!

ஊரே பார்க்கக் கீழே எழுதினாள். “நாங்க நாலு காசு மிச்சம் புடிச்சா உங்களுக்கு ஏன் எரியுது?” அண்ணா என்றுகூடப் போடவில்லை.

அவன் பதில் எழுதவில்லை. வீட்டுப் பக்கமும் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. வீம்பில் மட்டும் இரண்டு பேரும் ஒரே அச்சு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். தன் பெரியம்மா மகன் மடியே போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை பஸ் ஸ்டாப்பில் நிற்கையில், எவனோ ஒரு புண்ணியவான் அவளுடைய பழைய கமெண்ட்டுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டான். யாரென்று பார்க்கப் போனாள். பதிவு மறுபடியும் கண்ணில் பட்டது.

தொட்டாள்.

“எங்கள மாதிரி கண்டக்டருங்கதான். பத்து வருசமா எங்க வண்டியில வந்த அக்காமாரெல்லாம் இப்ப கவர்மெண்ட் பஸ்ஸுக்கு நிக்கறாங்க. அவங்க மேல கோவமில்லீங்க. என் தங்கச்சியும் அதுலதான் போறா. போகட்டும், அவளுக்கு நாலு காசு சேரட்டும். ஆனா எங்க முதலாளி ரெண்டு ட்ரிப்ப நிறுத்திட்டாரு. எனக்கு இப்ப வாரத்துல மூணு நாள்தான் வேலை. எங்களுக்கும் ஒரு வழி பண்ணுங்கன்னுதான் கேக்கறேன்.”

இரண்டு தடவை படித்தாள்.

இலவச பஸ் சரிதான். அதில் அவளுக்கு இப்போதும் சந்தேகமில்லை. இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

ஆனால் மூன்று நாள் வேலை என்பது அவளுக்குத் தெரியாது.

சொந்த அண்ணன் ஊருக்கே எழுதி வைத்திருக்கிறான். அவளுக்கு மட்டும் தெரியாது. வெட்கமாக இருந்தது.

கவர்மெண்ட் பஸ் வந்து நின்றது. கூட வேலை செய்பவள் ஜன்னல் வழியாக ஏறச் சொல்லிக் கூப்பிட்டாள். நீ போ என்று கையாட்டி அனுப்பினாள்.

பின்னாலேயே பூபதியின் வண்டி வந்தது. இன்று அவனுக்கு வேலை நாளா இல்லையா என்று தெரியாது. ஏறிவிட்டாள்.

பாதி சீட் காலி.

பூபதி முன்பக்கமிருந்து வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான். இளைத்திருந்தான்.

அவள் பத்து ரூபாயை நீட்டினாள். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

வாங்கிக்கொண்டான். டிக்கெட்டைக் கிழித்தான்.

என்னென்னவோ பேச நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று ஆரம்பித்தாள். அவன் முடிக்க விடவில்லை.

“அன்னிக்கு எனக்கு வேலை நாளு” என்றான். டிக்கெட்டை அவள் கையில் வைத்தான். “போன வாரமே லீவு சொல்லிட்டேன், அம்மிணி.”

சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான்.