கதவை மறித்தவள்

"உள்ள வராதே. வந்த வழியே போ."

சித்தி இரண்டு கைகளாலும் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். மகள் அந்தக் கைகளைத் தட்டிவிட்டு உள்ளே போய், அப்பாவின் நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"அப்பா போய் அஞ்சு நாளாச்சு. யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லி என்ன ஆகப்போகுது? நாலு மணிக்குள்ள கிளம்பிடு."

சித்தியின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. மணி மூன்றே முக்கால்.

அந்தத் தெருவுக்கு இவர்கள் கதை மனப்பாடம். தாயில்லாப் பெண், வாயில்லாப் பூச்சியாக ஒரு அப்பா, ராட்சசி சித்தி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கொட்டுகிற மழையில், பதினெட்டு வயதுப் பெண்ணை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டவள் என்று, புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சித்தி ஒருநாளும் மறுத்ததில்லை.

"அப்பா வேலைக்குப் போன நேரமாப் பார்த்துத் துரத்தினீங்க. என் சர்டிபிகேட், எங்கம்மா போட்டோ எல்லாத்தையும் ஒண்ணு விடாம அடுக்கி, பெட்டியைத் தெருவுல வீசினீங்க. என் அடையாளமே இங்க இருக்கக் கூடாதுன்னு அவ்வளவு வெறி."

"ஆமா. வெறிதான்."

"கடைசிவரைக்கும் அந்த மனுஷனை என்னைத் தேடி வரவிடலையே."

"விடலை. போதுமா? எழுந்திரு."

சித்தி கைப்பையை எடுத்து அவள் மடியில் எறிந்தாள். தோளைப் பிடித்து எழுப்பி, வாசல்வரை தள்ளிக்கொண்டே வந்தாள். மகளுக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது.

"நீங்க மனுஷியே இல்ல."

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கைத்தடியை ஊன்றி இறங்கியவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். அப்பா முப்பது வருடம் பைண்டிங் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி. துக்கம் விசாரிக்க நாலு மணிக்கு வருவதாகச் சித்திக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நீ பைண்டர் மகதானே?" என்று உற்றுப் பார்த்தார்.

"அவ கிளம்பிட்டா. நீங்க உள்ள வாங்க" என்று சித்தி நடுவில் புகுந்தாள்.

மகள் அவளை ஒதுக்கினாள். "நீங்களே சொல்லுங்க ஐயா. இந்தம்மா என்னைத் துரத்தினப்ப எங்கப்பா எவ்வளவு துடிச்சிருப்பாரு?"

"ஐயா, வேணாம்" என்றாள் சித்தி. அந்தத் தெருவில் யாரும் கேட்டிராத கெஞ்சல் அது.

பெரியவருக்கு அது காதில் ஏறவில்லை. "துடிக்காம என்ன? மறுநாள் காலையில பதிவு பண்ணணும்னு எல்லா ஏற்பாடும் பண்ணி வச்சிருந்தாரு, பாவம்."

"எதைப் பதிவு பண்ண?"

பெரியவர் கூச்சத்தோடு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நம்ம கல்யாணத்தைத்தான்."