தனி அடுப்பு

"உங்க கையால பொங்கினதை நான் தொட மாட்டேன். அரிசியாக் குடுங்க. தனியா அடுப்பு மூட்டி நானே பொங்கிக்கிறேன்."

கால் கழுவ லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய்விட்டு வந்த பாப்பம்மாள் இப்படிச் சொன்னதும், வாசலில் நின்ற அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புயல் மழை. கொடைக்கானலிலிருந்து பழனிக்குப் புறப்பட்ட பஸ் பெருமாள்மலை தாண்டி நின்றுவிட்டது. முன்னால் மண் சரிவு. திரும்பிவிடலாம் என்று பார்த்தால் பின்னாலும் சரிந்துவிட்டது. நனைந்து நடுங்கிய பயணிகளைக் காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கூட்டி வந்தவள் ராக்கம்மா. சிலோனிலிருந்து வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளி. அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த அரிசியையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, உலைக்குக் களைந்துகொண்டிருந்தாள்.

"இதோட சரி. இனி லாரி மலை ஏறி வந்தாத்தான் அரிசி" என்று சொல்லிவிட்டு, அவள் புருஷன் வேலுசாமி மம்பட்டியோடு ரோட்டுக்குப் போய்விட்டான். அது எல்லார் காதிலும்தான் விழுந்தது.

இந்த நேரத்தில்தான் பஸ்ஸில் வந்த இந்த அம்மாளுக்குத் தனி அடுப்பு வேண்டுமாம். மலையே இடம் பெயர்ந்துவிட்டது. ஆசாரம் மட்டும் அசையவில்லை.

மதுரையில் எம்.ஏ. படிக்கிற வடிவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பேச்சுங்க இது? இவங்க இல்லைன்னா இந்நேரம் நாம ரோட்டுல வெறைச்சுக் கெடப்போம். இவங்க கை பட்டா சோறு தீட்டாயிடுமா?"

"மலைக்கோயிலுக்குப் பூக்கட்டுற குடும்பம் தாயி. எங்க வழக்கம் அப்படி."

"மண்ணு சரியறப்போ, யாரு எந்தக் குடும்பம்னு கேட்டுட்டா சரிஞ்சுது?"

பயணிகள் சிரித்தார்கள். கொடைக்கானலில் ஓட்டல் மேனேஜராக இருக்கும் ஞானவேல் கைதட்டாத குறைதான்.

"கரெக்ட் மேடம்! நல்லாக் கேட்டீங்க."

ராக்கம்மாதான் பதறினாள். "விடுங்க பிள்ளை. ஆளுக்கொரு வழக்கம் இருக்குந்தானே. சிலோன்ல ஒரு தடவை மண்ணு சரிஞ்சு நாங்க நடுத்தெருவுல நின்னப்ப, யாரோ எவரோதான் எங்களுக்குச் சோறு போட்டாங்க. வீடு தேடி வந்த சனம் பசியோட போகப்படாது."

பொங்கலுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுப் பானையையும், முறத்தில் கொஞ்சம் அரிசியையும் கொண்டுவந்து வைத்தாள்.

பாப்பம்மாள் முறத்தை எட்டிப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா?"

வடிவுக்கு வந்ததே கோபம். "ஒரு ஆளுக்கு இது போதாதா?"

"எனக்குப் பசி சாஸ்தி. இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடு ஆத்தா."

"இருக்கறதே அவ்வளவுதான்னு அவர் சொல்லிட்டுப் போனது கேக்கலையா உங்களுக்கு? வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட்டா வயிறு கேக்குமா?"

களைந்து வைத்த அரிசியிலிருந்தே ராக்கம்மா அள்ளிப் போட்டாள். பாப்பம்மாள் இன்னும் கொஞ்சம் என்று ஜாடை காட்ட, மறுபடியும் போட்டாள்.

"வெறகுக் கொட்டகையில பொங்கிக்கிறேன். நான் சாப்பிட்டு எந்திரிக்கிற மட்டும் யாரும் அந்தப் பக்கம் வரப்படாது. பெறத்தியார் கண்ணு பட்டாலும் எனக்கு ஆகாது."

"பார்த்தாலே தீட்டா!" வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "இவங்களை எல்லாம் திருத்தறதுக்கு இன்னும் எத்தனை புயல் வரணுமோ!"

முன்வாசலில் பந்தி ஆரம்பித்தது. வாழையிலையில் ஆவி பறக்கும் சோறு, தேங்காய்ச் சம்பல். வடிவு வேண்டுமென்றே அடுப்படிக்குள் போய், ராக்கம்மாவின் காலடியில் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கெல்லாம் இந்தப் பேதமே கெடையாதுக்கா. நானும் நீங்களும் ஒண்ணுதான். இன்னும் கொஞ்சம் சோறு வைங்க."

"வைக்கிறேன் பிள்ளை. கூச்சப்படாமச் சாப்பிடுங்க."

"புள்ளைங்களைக் காணோமே?"

"அதுகள் அப்பவே தின்னுட்டுதுகள்." ராக்கம்மா குனிந்தபடியே பரிமாறினாள்.

"நீங்க?"

"எனக்கென்ன அவசரம்? பொறகு ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சாலும் போதுந்தானே."

"சம்பல் ஃபர்ஸ்ட் கிளாஸ்!" வாசலிலிருந்து ஞானவேலின் குரல் வந்தது. "இன்னும் ஒரு கரண்டி சோறு கெடைக்குமா?"

அகப்பை பானையின் அடியைச் சுரண்டியது. அந்தக் கரண்டிச் சோறும் அவருடைய இலைக்குப் போனது.

வடிவு கை கழுவினாள். வயிறு நிறைந்ததில் கோபமும் தெம்பாகத் திரும்பி வந்தது.

"அந்தம்மாவைச் சும்மா விடப்போறதில்ல. இத்தனை பேர் எதிர்ல அத்தனை அரிசியை அள்ளிட்டுப் போச்சே, அதெல்லாம் ஒரு வயித்துக்குள்ள எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டே வர்றேன்."

"விடாதீங்க மேடம்!" ஞானவேல் ஏப்பம் விட்டபடி உற்சாகப்படுத்தினார்.

வடிவு விடுவிடுவென்று விறகுக் கொட்டகைக்குப் போய்ப் படலைத் தள்ளினாள்.

உள்ளே லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாப்பம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உப்புப் போட்டுப் பிசைந்த சோற்றை உருண்டை பிடித்து, நீட்டிய கைகளில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள் அவள். கடைக்குட்டி ஒன்று தான் கடித்த மிச்சத்தை அவள் வாயருகே கொண்டுபோக, 'ஆ' என்று வாங்கிக்கொண்டாள்.

வடிவைக் கண்டதும் சோற்றுக் கையாலேயே படலைச் சாத்தச் சொன்னாள்.

"சத்தம் போட்டுராத தாயி. கால் கழுவப் போனப்பதான் பார்த்தேன், காலையிலேருந்து பட்டினி கெடக்குதுக. ராக்கம்மா கண்ணுல பட்டா, இதையும் பிடுங்கிட்டு வந்து உங்க இலையிலதான் போடும்."