பால்கனிக்கு வந்த இருவாச்சி

பறவைகளைப் படமெடுத்துப் பெயர் கண்டுபிடிக்க அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த கோமளவல்லி, பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்த பெரிய மூக்குப் பறவையைப் படமெடுத்து, ‘கிளி’ என்று போனிலிருந்த பறவைச் செயலியில் பதிவிட்டாள்.

போன் உடனே திருத்தியது: “இது அரிய இருவாச்சி. பறவை கிளம்பும்வரை இந்த வீடு அமைதி வளாகம். குக்கர் விசில், மிக்ஸி, டிவி, குறட்டை எதுவும் கூடாது.”

கணவர் தண்டபாணி தலையில் கைவைத்துக்கொண்டு குசுகுசுத்தார். “கெரகம், அதைப் படம் புடிக்காட்டி என்ன அம்மிணி? நான் எங்க போய்த் தூங்கறது?”

“உங்க தம்பி வீட்டுக்குப் போங்க. அது பறந்ததும் போன் பண்றனுங்க.”

அவர் தலையணையோடு படியிறங்கினார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக வீடு நிசப்தமாக இருந்தது.

கோமளவல்லி கதவைச் சாத்திவிட்டு, பழுத்த பப்பாளியை நறுக்கிப் பால்கனிக்குக் கொண்டுபோனாள்.

“மெதுவாச் சாப்புடு சாமி. அவசரமாப் போய் என்ன பண்ணப்போற?”