மூன்று கல்

"இங்கதான்டா மூணு கல்லு அடுக்கி வச்சேன்!" தாமு பாலைவனச் சரளையைப் பதறிப்போய்த் துழாவினான். கால்தடம் பதியாத தரை. காருக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. இருவருக்கும் சேர்த்து அரை பாட்டில் தண்ணீர்தான் மிச்சம்.

அறிவழகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து முன்னால் நடந்த தாமு, நூறடிக்கு ஒருமுறை நின்று கல் அடுக்கியதிலேயே பாதிப் பொழுது போயிருந்தது. மலைக்கோயில் பாதையில் சொந்த வீடு வேண்டி அடுக்குவார்களே, அதேபோல.

"ரிட்டயர் ஆன பிறகும் வீடு வேண்டுதலாடா? முப்பது வருஷமா உன் மூடநம்பிக்கையோட மாரடிக்கிறேன்."

"வேண்டுதலா? அட மடையா, திரும்பி வர அடையாளம்டா அது! ஒண்ணுகூட நிக்கலையே. ஆடு மாடு இல்லாத இடத்துல யாருடா தள்ளியிருப்பான்?"

பின்னால் வந்த அறிவழகன்தான், ஒவ்வொரு அடுக்கையும் ஷூவால் எத்திவிட்டுக்கொண்டே வந்திருந்தான்.