மூன்றாவது வரி

"கணக்குப் பாடத்துக்கு மட்டும் என் பொண்ணை ஆறாவதுல உட்கார வைங்க மேடம்."

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். எதிரே பஸ் கண்டக்டர் சீருடையில் ஒரு பெண். கழுத்தில் விசில். அடுத்த டிரிப்புக்குள் போயாக வேண்டும் என்ற அவசரம், நாற்காலி நுனியில் அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"உங்க பொண்ணு படிக்கிறது நாலாவதும்மா."

"தெரியும் மேடம். நான்தானே கொண்டாந்து சேர்த்தேன்."

மாதத்துக்கு நாலு பேராவது இப்படி வந்துவிடுவார்கள். ஒருத்தர் பையன் வருங்கால விஞ்ஞானி. இன்னொருத்தர் பெண் பேசுவதற்கு முன்பே பாடியவள். தலைமையாசிரியைக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

"சார் போர்டுல கணக்கை எழுதி முடிக்கிறதுக்குள்ள இவ விடை போட்டுடறா மேடம். அப்புறம் மணி அடிக்கிற வரைக்கும் சும்மா இருக்கணும். முன்னெல்லாம் வீட்டுக்கு வந்து புலம்புவா. இப்ப அதுவும் இல்ல, வாயே திறக்கறதில்ல. விளையாட்டு நேரத்துல கூட கிளாஸை விட்டு வெளிய வர்றதில்லையாம். அதான் எனக்குப் பயமா இருக்கு."

"அவங்க அப்பா வரலையா?"

"நம்ம பிள்ளையை நாமளே மெச்சிக்கலாமான்னு அவருக்குக் கூச்சம். நாலு பேரைப் பார்த்து டிக்கெட் டிக்கெட்னு கத்தறவ நான், எனக்கு என்ன கூச்சம்?"

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, கணக்கு சாரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் அவர்தான் கணக்கு. இந்த வருஷம் அவர் மேல் தலைமையாசிரியைக்குத் தனி மரியாதை. முன்பெல்லாம் தப்பான கணக்கின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற மனிதர், இப்போது ஒவ்வொரு தப்புக்குப் பக்கத்திலும் 'இதுவரைக்கும் சரி. இதிலிருந்து மறுபடி போட்டுப் பார்' என்று பொறுமையாக எழுதுகிறார். போன வாரக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டி, மற்ற ஆசிரியர்களைக் கை தட்டவே வைத்தார் தலைமையாசிரியை.

சார் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு மேடம். சுமாராப் போடும், அவ்வளவுதான். ஆறாவது கணக்கைக் கொடுத்தா முழி பிதுங்கிடும். எதுலயும் படிப்படியா ஏறினாத்தான் நல்லது."

கண்டக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"படியிலேயே நின்னா, உள்ள போங்கன்னுதான் நாங்க சொல்வோம் சார்."

வேறு நாளாக இருந்தால் 'பார்க்கலாம்மா' என்று சொல்லி அனுப்பியிருப்பார் தலைமையாசிரியை. அன்றைக்கு என்னவோ, இந்தக் குஞ்சு பொன்னா இல்லையா என்று பார்த்துவிட ஆசை வந்துவிட்டது.

"குழந்தை எங்க?"

"வெளியதான் நிக்கறா மேடம். குட்டி, உள்ள வா."

வந்தது. ஒரு காலுறை மேலே, ஒன்று கீழே. வலது கை விரல் நுனியெல்லாம் சிவப்பு மை.

"கையெல்லாம் என்னம்மா இது?"

குட்டி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சார் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார்.

மேஜை மேல் ஆறாம் வகுப்பின் போன மாதப் பரீட்சைக் கேள்வித்தாள் இருந்தது. தலைமையாசிரியை அதன் கடைசிக் கணக்கைக் காட்டினார். ஒரு தொட்டி, இரண்டு குழாய்கள். ஒன்று நிரப்புகிறது, ஒன்று காலி செய்கிறது. இரண்டையும் திறந்துவிட்டால் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?

குட்டி பென்சிலைத் தேடக்கூட இல்லை.

"பன்னெண்டு மணி நேரம் மேடம்."

சரிதானா என்று பார்க்கத் தலைமையாசிரியைக்குத்தான் பென்சில் தேவைப்பட்டது. சரிதான்.

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கு மேடம்" என்றார் சார். அவர் காக்கையை விடுவதாக இல்லை.

"இந்தக் கணக்குல எல்லாரும் மூணாவது வரியிலதான் தப்பு பண்றாங்க மேடம்" என்றாள் குட்டி. "காலி பண்ற குழாயையும் சேர்த்துக் கூட்டிடறாங்க. அதைக் கழிக்கணும்."

"எல்லாரும்னா யாரும்மா?"

குட்டி சாரைப் பார்த்தாள். அப்புறம் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பெற்றவளுக்கு அதற்குள் கண் கலங்கிவிட்டது. பெருமையா, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. விசிலைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இனி யோசிக்க என்ன இருக்கிறது?

"சரி. திங்கட்கிழமையிலேருந்து கணக்குக்கு நீ ஆறாவதுக்குப் போ. பாடம், பரீட்சை எல்லாம் அவங்களோடதான். சந்தோஷமா?"

குழந்தை துள்ளிக் குதிக்கும் என்று எதிர்பார்த்தார் தலைமையாசிரியை. அதன் முகமோ வாடிப் போனது.

"ஏம்மா, பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல மேடம்."

குட்டி பாவாடைப் பையில் கையை விட்டு ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தாள். அதை சாருக்கு எதிரே மேஜையில் வைத்துவிட்டு, நிஜமான கவலையோடு கேட்டாள்:

"நானும் அங்கயே பரீட்சை எழுதினா, அப்புறம் அந்தப் பேப்பரையெல்லாம் சாருக்கு யாரு திருத்திக் கொடுப்பாங்க?"