கடைசி வரிசைச் செம்பருத்தி

மிஷின் வாயைப் பிளந்து இலையைக் கவ்வும்போதெல்லாம் சீனிக்குத் தன் காதையே கவ்வியது போல இருந்தது.

விவசாய இலாகாவிலிருந்து வந்திருந்த பியாட்ரிஸ், ஜப்பான்காரன் புதிதாகச் செய்த அந்தக் கைக்கருவியைச் செம்பருத்திச் சட்டிகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். இலை எவ்வளவு பச்சை என்று அது நம்பர் காட்டுமாம். அதை வைத்துத் தழைச்சத்தைச் சொல்லிவிடுவாளாம்.

"அக்கா, நான் கொடுத்த உரத்தத் தவிர வேற எதுவும் போடலதானே?"

"ஐயோ, போடுவேனா மிஸ்?" என்றாள் சீனியின் மனைவி ராக்காயி. சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள்.

வேலியோரக் கடைசி வரிசைக்கு வந்ததும் பியாட்ரிஸின் புருவம் ஏறியது. "இங்க மட்டும் நம்பர் எகிறுதே! மண்ண லேபுக்கு அனுப்புறேன். என்னத்த ஊத்துனாங்கன்னு புட்டுப்புட்டு வச்சிரும்."

சீனி அந்தச் சட்டிகளை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து பூச்செடி விற்கத் தொடங்கியபோது, இனிச் சம்சு சாராயத்தைத் தொடமாட்டேன் என்று மாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் அவன். மீறினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆயர் தாவார் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ராக்காயி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அம்மனைக்கூட ஏமாற்றிவிடலாம், ஜப்பான்காரனை ஏமாற்ற முடியுமா? லேபில் சம்சுவின் பேரோடு அதை விற்ற கடையின் பேரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டால்?

பியாட்ரிஸ் கரண்டியால் மண்ணைத் தோண்டினாள். ராக்காயியின் முகம் வெளிறியது. போச்சுடா, இவளுக்கும் புரிந்துவிட்டது என்று சீனி முடிவு கட்டினான்.

"தோலோங்லா மிஸ், கெஞ்சிக் கேக்குறேன், தோண்டாதீங்க!" பொத்தென்று மனைவியின் காலடியில் விழுந்தான். "ராக்காயி, என்னை விட்டுட்டுப் போயிராத! தெனம் ஒரு குப்பி சம்சுதான். குடிச்சிட்டு வாரப்ப கக்கூஸ் வரைக்கும் போக முடியல. இந்தச் சட்டிங்கள்லதான்... நின்னுக்கிட்டே..."

பியாட்ரிஸ் மண்ணை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கையை உதறினாள்.

ராக்காயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுசா, அது நான் கரைச்சு ஊத்துன ஆட்டுப் புழுக்கைலா!"